எலும்புருக்கிக்காரியின் முறை

உரும்பிராயில் பூரணத்தோடு வாய் கொடுத்து மீண்டவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. சங்கக்கடை மனேச்சர் ஒருமுறை, அரிசியில் கல் கிடக்கிறது என்று அவள் சொன்னதற்குச் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த மனிதர் வீட்டுக்கு வேறு ஒழுங்கையால் போய்வந்தார். பஸ்ஸில் அவள் ஏறினால், முன்சீற்றில் இருக்கிறவனை எழுப்பி அவளுக்கு இடம் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கொண்டக்டர் மறுவேலை பார்ப்பார். வயது நாற்பத்திரண்டு. கலியாணம் நடக்கவில்லை. ஐயோ பாவம் என்று யாராவது இரங்கினால், இரங்கியவருக்கு அன்றைக்கு நல்ல காலம் இல்லை.

அவளுக்கென்று இருந்தவை ஒரு ஓட்டு வீடு, வெங்காயம் நடுகிற செம்மண் தறை, கிணற்றில் பாதிப் பங்கு. தாய் கண்ணை மூட முன்னமே சீதனமாக எழுதிவைத்தவை. மாப்பிள்ளை வரவில்லை, சீதனம் மட்டும் அவளோடு இருந்தது. மற்றப் பாதிக் கிணறும் அதையொட்டிய தறையும் தம்பி தம்பிராசாவுக்கு. ஒருநாள் அக்காவின் முறை, மறுநாள் தம்பியின் முறை என்று தண்ணீர் இறைத்தார்கள். பங்குக் கிணறு என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூடப் பிறந்ததுகளைக் கோடு கச்சேரி ஏற்றுவதற்கென்றே அதை வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் தம்பியோடு மட்டும் அவள் சண்டை போட்டதில்லை. தாய் தோட்டத்தில் நிற்க, எட்டு வயதுப் பூரணம்தான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள். அவன் செய்கிற பிழைக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில் இருந்தது: "உவன் பாவம். உவள் ஆட்டுறபடி ஆடுறான்." உவள் என்றது தம்பியின் பெண்சாதி பத்மாசினியை. அச்சுவேலியிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள், சத்தம் போட்டுக் கதைக்காதவள். சத்தம் போடாதவர்களைப் பூரணம் நம்புவதில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு கார்த்திகை விளக்கீட்டுக்குப் பத்மாசினி பயற்றம் பணியாரம் சுட்டு அனுப்பினாள். பூரணம் ஒன்றைக் கடித்தாள்; கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லொன்று கழன்று நாக்கில் விழுந்தது. நோவில்லை, இரத்தம்கூட ஒரு சொட்டுத்தான். பல்லைக் கழுவிப் பார்த்தாள், சூத்தையும் இல்லை. நேரே வேலிக்குப் போனாள்.

"பணியாரத்துக்கை என்னத்தைப் போட்டுச் சுட்டனீ?"

"பயத்தம் மாவும் சக்கரையும்தான் மச்சாள்."

"பயத்தம் மா பல்லைக் கழட்டுமோ?"

அடுத்த கிழமை பக்கத்துப் பல்லும் போனது. அன்றைக்குப் பூரணம் பணியாரம் தின்னவில்லை, கஞ்சிதான் குடித்தாள். ஆனாலும் போட்ட பழியைத் திருப்பி எடுக்கிற வழக்கம் அவளிடம் இல்லை.

மார்கழியில் வலது தொடைக்குள் ஒரு நோ தொடங்கியது. பாத்தியில் குந்தி எழும்பும்போது எலும்புக்குள் ஆணி இறக்குவதுபோல் இருந்தது. முறிவு பார்க்கிற பரியாரி இலையும் முட்டையும் சேர்த்துப் புக்கை கட்டினார். கட்டை அவிழ்க்கும்போது நோ இன்னும் கூடியிருந்தது. பரியாரிக்குக் கொடுக்க வேண்டியதை வாயால் கொடுத்துவிட்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பல்லுக்குப் படம் எடுத்த டொக்டர் சொன்னதை அவள் பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். "பல்லு நல்ல பல்லு அம்மா. பல்லைப் பிடிச்சுக்கொண்டிருந்த எலும்பைத்தான் காணேல்லை." தொடையைப் படம் எடுத்தபோது அங்கேயும் எலும்புக்குள் ஓர் ஓட்டை தெரிந்தது. அதிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பொங்கல் முடிந்த பிறகு மறுமொழி வந்தது.

எலும்பு டொக்டர் அருட்பிரகாசம், வாய்க்குள் நுழையாத பெயரைச் சொல்லி ஆட்களை வெருட்டுகிறவர் அல்ல. ஒரு கதிரையில் பூரணத்தையும் மற்றதில் தம்பிராசாவையும் இருத்திவிட்டுப் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"இரத்தத்திலை வெள்ளை அணுக்கள் எண்டு இருக்குது அம்மா. உடம்புக்குக் காவல் நிக்கிறது அதுகள்தான். அதிலை ஒரு சாதி அணு தன்ரை வேலையை விட்டிட்டு எலும்புக்கை போய்க் குவிஞ்சு நிக்குது. நிக்கிற இடத்திலை எலும்பை உருக்குது. சின்னப் பிள்ளையளிலைதான் எப்பவாவது காணுறது. வளந்த ஆக்களிலை நான் இப்பதான் முதல் பாக்கிறன்."

"காவல்காரன் வீட்டை இடிக்கிறானோ?" என்று பூரணம் கேட்டாள்.

"அப்பிடித்தான்."

"புற்றுநோயோ டொக்டர்?" என்று தம்பிராசா கேட்டான்.

"இல்லை. கசமும் இல்லை. தொத்து வருத்தமே இல்லை. ஒரு கோப்பையிலை குடிச்சாலும் ஒருதருக்கும் வராது. வடிவாக் கேட்டுக்கொண்டு போய் வீட்டிலையும் சொல்லும் தம்பி."

தம்பிராசா தலையாட்டினான். டொக்டர் பூரணத்தின் பக்கம் திரும்பினார்.

"ஓட்டையைத் திறந்து உள்ளுக்குக் கிடக்கிறதைச் சுரண்டி எடுப்பம். இடுப்பெலும்பிலை கொஞ்சம் வெட்டி அந்த ஓட்டைக்கை வைச்சு அடைப்பம். தாடைக்குக் குளிசை தாறன். ஆனால் ஒண்டு. மூண்டு மாதத்துக்கு வலக்கால் நிலத்திலை படக்கூடாது. புது எலும்பு ஊறுமட்டும் அது வெறும் கோது. பாரம் வைச்சால் முறியும். அந்த இடத்திலை முறிஞ்சால் நீங்கள் பேந்து நடக்கிறது சந்தேகம்."

"மூண்டு மாதம் படுத்துக் கிடந்தால் வெங்காயத்தை ஆர் பாக்கிறது?"

"வெங்காயமோ காலோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

பூரணத்துக்கு அந்த டொக்டரைப் பிடித்துப்போனது. அவளுக்குத் திருப்பிச் சொன்ன முதல் ஆள் அவர்.

பிழை நடந்தது வீட்டுப் படலையில். பஸ்ஸால் இறங்கி நொண்டி நொண்டி வந்தவளை, இடுப்பில் கடைக்குட்டியோடு நின்ற பத்மாசினி கேட்டாள்: "டொக்டர் என்ன வருத்தமெண்டு சொன்னவர் மச்சாள்?" தம்பிராசா சந்திக் கடையில் சுருட்டு வாங்க நின்றுவிட்டான். பூரணத்துக்குக் கால்நோ, வெயில், பசி. உவளுக்கு நின்று விளக்கம் சொல்ல அவளுக்கென்ன தலைவிதியா? "எலும்பை உருக்குதாம்" என்று எறிந்துவிட்டு உள்ளே போனாள்.

எலும்பை உருக்குகிறது என்றால் எலும்புருக்கி. எலும்புருக்கி என்றால் கசம். நெஞ்சில் இருந்து இருமி, இரத்தம் துப்பி, ஆளை எலும்பும் தோலுமாக்கிக் கொண்டுபோகிற அந்த வருத்தத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற பெயர் அதுதான். தமிழ் தெரிந்தவருக்கு வேறெப்படி விளங்கும்? பத்மாசினி பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் பொத்திக்கொண்டு பின்னுக்குப் போனாள். விளக்கு வைக்க முன்னமே ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது.

மாசியில் ஒப்பரேசன். அதற்கு முன் கூலிக்கு ஆள் விட்டுத் தறை முழுக்க வெங்காயம் நட்டுவிட்டுத்தான் பூரணம் போனாள். கோட்டைக்குள் இருந்த ஆமி அந்த நாட்களில் நினைத்தபோது ஷெல் அடிக்கும், ஆஸ்பத்திரி கிட்டத்தான். சத்தம் கேட்டால் எழும்பக்கூடியவர்கள் கட்டிலுக்குக் கீழே போய்விடுவார்கள். பூரணம் கால் கட்டோடு மேலே கிடந்து, கோட்டை இருக்கும் திசையைப் பார்த்து வைதுகொண்டிருப்பாள். கீழே கிடந்தவர்களுக்கு ஷெல்லைவிட அது பயமாக இருந்ததாம்.

குளிசையைக் கையில் கொடுக்கும்போது டொக்டர் எச்சரித்தார். "இது முகத்தை ஊதவைக்கும், பசியைக் கூட்டும், கோவத்தையும் கூட்டும் அம்மா."

"இன்னும் கூட்ட இடமிருக்கோ?" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மயக்க மருந்தால் நெஞ்சில் சளி கட்டி, வீட்டுக்கு வந்தும் சில நாள் இருமினாள். ஊருக்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? கசக்காரர் மெலியத்தானே வேண்டும், இவள் ஊதிப்போய்க் கிடக்கிறாளே என்று ஒருத்தி கேட்டதற்கு, ஊசி போட்டு ஊதவைத்திருக்கிறார்கள் என்று இன்னொருத்தி பதில் வைத்திருந்தாள். பூரணம் கட்டிலில் கிடந்தபடியே யன்னலுக்கு வெளியே போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் கத்தினாள், இது கசம் இல்லை என்று. கசம் வந்த எவர்தான் கசம் என்று சொன்னார்? "தம்பியைக் கேளுங்கோ, அவன் பக்கத்திலை இருந்து கேட்டவன்" என்றாள். போய்க் கேட்டார்கள். "டொக்டர்மார் என்னவோ இங்கிலிசிலை கதைச்சவை. எனக்கு வடிவா விளங்கேல்லை" என்று அவன் சொன்னானாம்.

அதைக் கேட்டபோது பூரணத்துக்குக் கொதித்தது, ஆனால் தம்பியில் அல்ல. "அவன் வீட்டிலை வந்து சொல்லியிருப்பான். உவள்தான் அவன்ரை வாயை அடைச்சிருப்பாள். என்ரை பங்கிலை உவளுக்கு எப்பவோ துவக்கம் ஒரு கண்" என்றாள்.

இந்தக் கதைகளையெல்லாம் அவளுக்குக் கொண்டுவந்து சொன்னது அருந்ததி. பக்கத்து வளவுக்காரி. அருந்ததியின் ஆடு பூரணத்தின் மரவள்ளியைத் தின்றதில் தொடங்கி, இரண்டு பேரும் வருடக்கணக்காக முகம் பார்ப்பதில்லை. அப்படிப்பட்டவள் ஒருநாள் ஒரு சட்டி சோற்றோடு வந்து கட்டிலடியில் வைத்தாள்.

"எனக்கு உன்னிலை பாசமெண்டு நினையாதை" என்றாள். "உன்ரை தம்பியாக்கள் என்ரை வேலியை அரையடி தள்ளிப் போட்டிருக்கினம். அவைக்கு எரியவேணும். அதுக்குத்தான் வந்தனான்."

"சோத்துக்கு உப்புக் காணாது" என்றாள் பூரணம், ஒரு வாய் தின்றுவிட்டு.

அப்படித்தான் அந்தச் சிநேகிதம் நடந்தது. அருந்ததி கசத்துக்குப் பயப்படவில்லையா என்றால், பயந்தாள். கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டு சொன்னாள்: "உன்ரை மச்சாளின்ரை தாய் எலும்புருக்கியிலைதான் செத்தவ, தெரியுமோ? அச்சுவேலியிலை அந்தக் குடும்பத்தை ஒருதரும் கிணத்தடியிலை அண்டவிடேல்லையாம். சின்னப் பிள்ளையா இருந்து எல்லாம் பாத்தவள்."

"அதாலைதான் உவளுக்கு வழி தெரிஞ்சிருக்கு" என்றாள் பூரணம்.

வழி இதுதான். கிணற்றடிக்குப் போகிற பாதையில் பத்மாசினி இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தாள். பூரணத்தின் வாளியைத் தூக்கி இந்தப் பக்கம் எறிந்தாள். கூலிக்கு வந்த பெண்கள் கசக்காரியின் தறையில் கால் வைக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். மெசின் வைத்து இறைக்க வந்தவனைத் தம்பிராசா படலையில் மறித்துத் திருப்பி அனுப்பினான். ஊருக்குப் பொறுப்பான விதானையாருக்குச் சொல்லியனுப்பினாள், அவர் மூக்கில் லேஞ்சியைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றபடி, சுகம் வரட்டும் பார்ப்போம் என்றார். பூரணத்தின் முறை நாட்களில் கிணறு சும்மா கிடந்தது.

பங்குனி வெயில். யன்னலால் பார்த்தால் தறை தெரியும். வெங்காயம் காய் பிடிக்கிற நேரம், தண்ணீருக்கு ஏங்குகிற நேரம். முதலில் தாளின் நுனி பழுத்தது. செம்மண் பாத்திகள் வெடித்தன. பூரணம் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கத்திக் கத்தித் தொண்டையும் போய்விட்டது.

அப்போதுதான் தம்பிராசா வந்தான். நிலைக்கு வெளியே நின்றான்.

"அக்கா, வெங்காயம் செத்துக்கொண்டு போகுது."

"கண் இருக்கு எனக்கு."

"நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதை. கிணத்துப் பங்கை என்ரை பேரிலை எழுதிவிடு. நாளைக்கே நான் தண்ணி விடுறன். உனக்கு ஆரிருக்கினம்? கடைசியிலை என்ரை பிள்ளையளுக்குத்தானே."

"உதை ஆர் சொல்லித் தந்தது? உவளோ?"

அவன் நிலத்தைப் பார்த்தான்.

"போய் உவளிட்டைச் சொல்லு. நான் செத்தாலும் என்ரை பங்கு எழுந்து வந்து தண்ணி இறைக்கும் எண்டு."

"அப்ப நீயே எழும்பிப் போய் இறை" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

அந்தச் சொல் அவளுக்குள் ஏறிவிட்டது. அன்று பின்னேரம் அருந்ததி வர முன்னம், பூரணம் கட்டிலில் எழும்பி இருந்தாள். குளிசைக் கோபம் உடம்பெல்லாம் நின்றது. தண்ணீர் இல்லாமல் இன்னும் இரண்டு முறை போனால் தறை முழுக்கப் போய்விடும். முள்ளைக் கையால் விலக்கலாம். வாளியை ஒற்றைக் காலில் நின்று இழுக்கலாம், சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல. இடக்காலை ஊன்றினாள். வலக்காலை இறக்கினாள். பெருவிரல் நிலத்தைத் தொட்டது, சீமெந்து குளிர்ந்தது.

அந்த இடத்தில் நின்றாள். வெறும் கோது என்று டொக்டர் சொன்னது காதில் கேட்டது. அதோடு இன்னொன்றும் விளங்கியது: தான் எழும்பி அந்தக் காலை முறிக்க வேண்டும் என்றுதான் அங்கே காத்துக்கொண்டிருக்கிறார்கள். கால் முறிந்து கிடந்தால் கிணறு தானாகப் போய்ச் சேரும். அதை நினைத்ததும் காலை இரண்டு கையாலும் தூக்கித் திரும்பக் கட்டிலில் வைத்தாள். வாழ்நாளில் ஒரு சண்டையில் அவள் வாயை மூடிக்கொண்டு படுத்தது அதுதான் முதல்தரம். தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். இருக்கிற பல்லும் போய்விடும் என்று பிறகு அதையும் விட்டாள்.

வெங்காயம் செத்தது. ஒரு பாத்தி மிச்சமில்லாமல் தாள் சாய்ந்து காய்ந்து, காற்றில் சருகு பறந்தது. பூரணம் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அருந்ததி தாடைக்கு இதமாகக் கரைத்த சோற்றைக் கொண்டுவந்து கொடுத்தாள், உப்புப் போட்டு.

வைகாசியில் டொக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டை இருந்த இடம் வெள்ளையாக மூடிப்போய் இருந்தது. தாடையிலும் ஆடின பற்கள் இறுகத் தொடங்கியிருந்தன.

"எலும்பு ஊறியிட்டுது. இனி ரண்டு தடியோடை மெல்ல ஊண்டலாம். ஆனால் இந்த வருத்தம் வேறை எலும்பிலை திரும்பியும் வரலாம் அம்மா. நோ கண்டால் பரியாரியிட்டைப் போகாமல் நேரை இஞ்சை வாங்கோ."

"பாரம் தாங்குமோ?"

"தாங்கும்."

"வாளி இழுக்கலாமோ?"

டொக்டர் அவளை ஒருமுறை பார்த்தார். "இருந்துகொண்டு இழுங்கோ" என்றார்.

காரில் ஊருக்கு வந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. அன்று அவளுடைய முறை நாள். படுத்துக் கிடந்த காலம் முழுக்க அவள் முறையைக் கணக்கு வைத்திருந்தாள். என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தாள். கட்டிலில் கிடப்பவளுக்கு வேறென்ன வேலை? தம்பிராசாவின் அடுத்த போகம் அன்றைக்குத்தான் கிண்டினார்கள். கூலிப் பெண்கள் வரிசையாக இருந்து வெங்காயம் பிடுங்க, கொழும்புக்கு ஏற்றுகிற வியாபாரி சீவரத்தினம் லொறியை ஒழுங்கையில் விட்டுவிட்டு ஒரு பிடி வெங்காயத்தை உதறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பூரணத்துக்கு வேண்டியதும் அதுதான்.

கக்கத்தில் தடிகளோடு அவள் வருவதைக் கண்டு எல்லாரும் எழும்பினார்கள். கூட வந்த அருந்ததி முன்னுக்குப் போய் முள்ளை இழுத்து ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி எடுத்தாள். பூரணம் கிணற்றுக் கட்டின்மேல் இருந்தாள். அங்கே கிடந்த தம்பியின் வாளியை இறக்கி, இழுத்து, ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். நன்றாகக் கொப்பளித்தாள். வாளிக்குள்ளேயே துப்பினாள். பிறகு வாளியைத் தூக்கி அவ்வளவையும் கிணற்றுக்குள் திருப்பி ஊற்றினாள்.

"சீவரத்தினத்தார்" என்றாள், மரியாதையாக. "எனக்கு எலும்புருக்கி. ஊரிலை ஒருதரும் உங்களுக்குச் சொல்லேல்லையோ? பிறந்த நாள் துவக்கம் நான் குடிச்ச கிணறு இது. உங்கடை கையிலை இருக்கிறது இந்தத் தண்ணியிலை விளைஞ்ச வெங்காயம்."

சீவரத்தினம் கையில் இருந்ததைக் கீழே போட்டார். வேட்டியில் கையைத் துடைத்தார்.

"என்ன தம்பிராசா இது? இந்தக் கதை கொழும்புக்குப் போனால் என்ரை மூட்டை ஒண்டையும் இறக்கமாட்டாங்கள். லொறியை நான் வேறை இடத்துக்கு விடுறன்."

கூலிப் பெண்களும் கடகத்தை வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். பூரணம் அவர்களைப் பார்க்கவில்லை. அவள் பத்மாசினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உவள் இப்போது வாய் திறக்கத்தானே வேண்டும். அதற்குச் சொல்ல வேண்டிய சொற்களை மூன்று மாதமாக அடுக்கி வைத்திருந்தாள். பத்மாசினியோ கடைக்குட்டியைத் தூக்கி அணைத்தபடி, கிணற்றையே பார்த்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றாள்.

வாய் திறந்தது தம்பிராசா.

"நில்லுங்கோ அண்ணை. அவ கோவத்திலை கதைக்கிறா. அது எலும்புருக்கி இல்லை."

"ஊருக்கே தெரியும் எண்டெல்லோ அவ சொல்லுறா."

"ஊருக்கு என்ன தெரியும்? டொக்டர் எனக்கு முன்னாலைதான் சொன்னவர். கசம் இல்லை, தொத்தாது, ஒரு கோப்பையிலை குடிச்சாலும் ஒருதருக்கும் வராது எண்டு. தமிழிலைதான் சொன்னவர். என்ரை காதாலை கேட்டனான். இஞ்சை பாருங்கோ." அவன் பூரணத்தின் கையிலிருந்து வாளியைப் பறித்து, கிணற்றில் விட்டு இழுத்து, விளிம்பில் வாய் வைத்து மடக்கு மடக்கென்று குடித்தான். தண்ணீர் நெஞ்சில் வழிந்தது.

சீவரத்தினம் யோசித்தார். கீழே போட்ட வெங்காயத்தைக் குனிந்து எடுத்தார்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்று ஒரு குரல் கேட்டது. சொன்னது பத்மாசினி. அவள் சத்தம் போட்டதில்லை என்று சொன்னேன்; அப்போதும் போடவில்லை.

"நீ உள்ளுக்குப் போ" என்றான் தம்பிராசா.

"பிள்ளை இருமின நேரமெல்லாம் நெஞ்சிலை காதை வைச்சுக் கேட்டுக்கொண்டு கிடந்தனான். குடிக்கிற தண்ணி ஒவ்வொரு துளியும் கொதிக்க வைச்சன். முள்ளு வெட்டின கை இது. எனக்குப் பக்கத்திலைதானே படுத்தனீங்கள்? ஒரு சொல்லு சொல்லேல்லையே."

கூலிப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூரணம் அடுக்கி வைத்திருந்த சொற்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றைச் சொல்ல வேண்டிய ஆள் இவள் இல்லை. இவள் பயந்தவள், அவ்வளவுதான். தாயைக் கொண்டுபோன வருத்தம் வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது என்று நம்பிப் பயந்தவள். எழும்பிப் போய் இறை என்று தம்பி சொன்னபோது, அந்தக் கால் முறியும் என்று இந்தப் பூமியில் டொக்டரையும் தன்னையும் விட்டால் தெரிந்த ஒரே ஒருவன் அவன். டொக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டவன்.

எலும்பு வெட்டி எடுத்த இடுப்பு அவளுக்கு விண்ணென்று நொந்தது. அவனைச் சுமந்து திரிந்ததும் அந்தப் பக்கத்தில்தான்.

அவள் தடிகளை எடுத்துக்கொண்டு எழும்பினாள். சிந்திக் கிடந்த தண்ணீரில் ஒரு தடி சறுக்கியது. தம்பிராசா ஓடிவந்து முழங்கையைப் பிடித்தான்.

"அக்கா, விழப்போறாய்."

"கையை எடு."

"விழுந்தால் முறிஞ்சிடும் அக்கா."

"முறிஞ்சிடும் எண்டு உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கையை எடடா, இந்தக் கால் நிக்கும்."

அவன் கையை எடுத்தான். அவள் வலக்காலை ஊன்றி, அதில் பாரத்தை வைத்து, ஒரு மூச்சு நேரம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவனை அவள் உவன் பாவம் என்று சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

பாதையில் பத்மாசினி பிள்ளையை இறக்கி விட்டுவிட்டுக் குனிந்து மிச்ச முள்ளை இழுத்துக்கொண்டிருந்தாள். விரல்களில் இரத்தம் கசிந்தது. பூரணம் தடியைப் பக்கத்தில் ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தாள்.

"ஆரும் இலந்தை முள்ளைக் கையாலை இழுப்பினமோ, விசரி" என்றாள். "போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு வா."

பத்மாசினி எழும்பிக் கத்தி எடுக்கப் போனாள்.